வலி மாத்திரை: பயந்து ஒதுக்கவும் வேண்டாம், கேட்காமல் விழுங்கவும் வேண்டாம்



நம்ம குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடனும் பேசி முடித்து, பாயைச் சுருட்டும்போது அடுத்த பேச்சு எதுவாக இருக்கும்? முட்டிவலி, இடுப்புவலி, கழுத்துவலிதான். நாற்று நடுகிறவர்களுக்கு இடுப்பு. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவர்களுக்குக் கழுத்து. பூ மார்க்கெட்டில் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுப் பூக் கட்டுகிறவர்களுக்கு முட்டி. "பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பல வருசம் ஓட்டுகிறோம். தாங்க முடியாமல் போனால், மெடிக்கலில் "வலிக்கு நாலு மாத்திரை குடுங்க தம்பி"ன்னு கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம்.

அந்த நாலு மாத்திரையில் என்ன இருக்கிறது? இது பலருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், புற்றுநோய் வந்து இரவு பகலாகத் துடிக்கிறவர்களுக்கு மருத்துவர் மார்பின் எழுதிக் கொடுத்தால், "அது போதை மருந்தாச்சே"ன்னு பயந்து குடும்பமே அதை ஒதுக்கி வைத்துவிடுகிறது. தேவையில்லாதவர் சாப்பிடுகிறார், தேவைப்படுகிறவர் துடிக்கிறார். இந்த இரண்டு தப்பும் நம்ம வீடுகளில் நடக்கிறது. அதனால்தான் இந்த மாதம் இந்த மருந்துகளைப் பற்றிப் பேசுகிறோம்.

இது என்ன மருந்து?

குருமாவுக்கு அரைக்கிற கசகசா நமக்குத் தெரியும். அந்தக் கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் உறைந்தால் அபின். அபினிலிருந்து பிரித்தெடுக்கிற மருந்துதான் மார்பின். கோடீன் என்ற மருந்தும் அதில் இருக்கிறது. இதே வேலையைச் செய்கிற மருந்துகளைத் தொழிற்சாலையிலும் தயாரிக்கிறார்கள்: ட்ரமடால், டேபென்டடால், ஃபென்டனில் போன்றவை. இந்தக் குடும்பம் முழுவதற்கும் ஓபியாய்டு மருந்துகள் என்று பெயர். (சமையல் கசகசாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது காய்ந்த காயிலிருந்து எடுக்கும் விதை.)

நம்ம நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். உத்தரப் பிரதேசம் காஜிப்பூரிலும், மத்தியப் பிரதேசம் நீமச்சிலும் அரசின் அபின் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

மூளைக்கும் முதுகுத்தண்டு நரம்புக்கும் போகிற வலிச் செய்தியை இந்த மருந்துகள் மட்டுப்படுத்தும். அதே மருந்து மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தையும் மந்தமாக்கும், குடலின் ஓட்டத்தையும் குறைக்கும். அளவோடு இருந்தால் வலி அடங்கும். அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடும். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது இந்த மருந்துக்கு அப்படியே பொருந்தும்.

யாருக்குத் தேவை? யாருக்குத் தேவையில்லை?

எல்லா வலியும் ஒரே வலி இல்லை. அதனால் ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது.

புற்றுநோய் வலி: உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே இதற்கு ஏணிப்படி போல ஒரு முறையைச் சொன்னது. லேசான வலிக்குப் பாரசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரை. அதற்கு அடங்காவிட்டால் லேசான ஓபியாய்டு. அதற்கும் அடங்காவிட்டால் மார்பின். வாயால் சாப்பிடுகிற மார்பின் மாத்திரை விலை அதிகமில்லாத மருந்து. கர்ப்பப்பைவாய், மார்பகம், வாய்ப் புற்றுநோய்களில் வலி முற்றும்போது இதைவிட நம்பகமான மருந்து குறைவு. இங்கே "வேண்டாம்"னு சொல்வது நோயாளிக்குச் செய்கிற கொடுமை.

ஆபரேஷன், எலும்பு முறிவு, பெரிய தீக்காயம்: சில நாட்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். காயம் ஆற ஆற நிறுத்திவிடுவார்கள்.

முட்டித் தேய்மானம், பழைய முதுகுவலி: நம்மில் அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். இதற்கு ஓபியாய்டு முதல் மருந்து இல்லை. 2018-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாள்பட்ட முதுகுவலி, இடுப்பு மற்றும் முட்டித் தேய்மான வலி உள்ள 240 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஓபியாய்டும் மற்றதற்குச் சாதாரண வலி மருந்துகளும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஓபியாய்டு சாப்பிட்டவர்களின் நடமாட்டம் கூடுதலாகத் தேறவில்லை. பக்கவிளைவுதான் அதிகமாக இருந்தது. இந்த வலிகளுக்கு உடற்பயிற்சி, தொடைத் தசையைப் பலப்படுத்துவது, எடை குறைப்பது, ஒத்தடம், வேலை செய்கிற விதத்தை மாற்றுவது ஆகியவைதான் நாள்பட நிற்கிற வைத்தியம். எல்லாம் செய்தும் அடங்காதவர்களுக்கு மருத்துவர் பார்த்து, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு ஓபியாய்டு கொடுக்கலாம்.

சர்க்கரை நோயால் கால் எரிச்சல்: இது நரம்பு வலி. இதற்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன. "வலி மாத்திரை" என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் இது தீராது.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

1996-ல் அமெரிக்காவில் பர்டூ ஃபார்மா என்ற கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி, சாதாரண முதுகுவலிக்கெல்லாம் எழுதும்படி மருத்துவர்களிடம் விளம்பரம் செய்தார்கள். லட்சக்கணக்கானோர் அந்த மாத்திரைகளில் சிக்கினார்கள். மாத்திரை கிடைக்காதபோது ஹெராயினுக்குப் போனார்கள். பிறகு கள்ளத்தனமாகத் தயாரித்த ஃபென்டனில் வந்தது. 2021, 2022 ஆண்டுகளில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே மருந்து, போதைப்பொருள் மிகுதியால் இறந்தார்கள். அதில் பெரும்பாலானவை ஓபியாய்டு சாவுகள். தவறாக விற்றதற்காக அந்தக் கம்பெனி 2007-லும் 2020-லும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

நம்ம நாட்டில் நடந்தது வேறு

இங்கே 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலைத் தடுக்கத்தான் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி ஒன்று மார்பின் வாங்கி வைக்க வேண்டும் என்றால் நாலைந்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். வம்பு எதற்கு என்று பல மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்பினையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையாளாமலே படித்து வெளியே வந்தார்கள். அபின் பயிரிடுகிற நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலி மருந்து இல்லாமல் செத்தார்கள். வலி மருந்து கிடைப்பது பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த குழு 2017-ல் அறிக்கை தந்தது. இந்தியாவுக்குத் தேவைப்படுவதில் நூற்றுக்கு 4 பங்கு அளவுதான் கிடைக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

இதை மாற்றப் போராடியவர்களில் முக்கியமானவர் கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைச் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அங்கே ஊர் மக்களே தொண்டர்களாகி, படுத்த படுக்கையாக இருக்கிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. பலர் தொடர்ந்து வற்புறுத்தியதால் 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2015-ல் புதிய விதிகள் வந்தன. இப்போது மார்பின் உட்பட 6 மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, பழைய நாலைந்து உரிமம் இல்லாமல் இவற்றை வைத்துக் கொடுக்கலாம்.

ஆகவே மருத்துவர் எழுதிய மார்பினை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமில்லை. சீட்டும் ஆஸ்பத்திரி அட்டையும் மாத்திரையோடு சேர்ந்து இருந்தால் போதும். யாருக்கும் பயப்பட வேண்டாம்.

ட்ரமடால் கதை வேறு. சீட்டு இல்லாமல் கடைகளில் தாராளமாகப் புழங்கி, பலரும் அடிமையாகத் தொடங்கியதால், 2018 ஏப்ரலில் அதையும் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். டேபென்டடால் மாத்திரையை இளைஞர்கள் போதைக்குப் பயன்படுத்துவதும், அதை விற்றவர்களைப் போலீசார் பிடிப்பதும் நம்ம தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. அம்மாவின் முதுகுவலிக்கு வாங்கி அலமாரியில் வைத்த அட்டை, மகனின் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் நம்ம வேலைதான்.

கடையில் வாங்கும்போது

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட்டிருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. ட்ரமடால் இந்தப் பட்டியலில் இருக்கிறது. கடைக்காரர் உங்கள் பெயரையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். ட்ரமடாலைப் பாரசிட்டமாலோடு கலந்த மாத்திரையும் உண்டு. "சும்மா காய்ச்சல் மாத்திரை மாதிரிதாங்க"ன்னு கொடுத்தால் வாங்காதீர்கள்.

பேப்பரில் மடித்துத் தருகிற கலர் கலரான "செட்டு மாத்திரை" எதையும் வாங்க வேண்டாம். பெயர் தெரியாத மாத்திரை, முழுங்கத் தகாத மாத்திரை. டைக்ளோஃபினாக் போன்ற சாதாரண வலி மாத்திரைகளையும் தினம் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். ஓபியாய்டு இல்லாததெல்லாம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தால்: வீட்டில் கடைப்பிடிக்க வேண்டிய பத்து

1. முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆஸ்துமா, மூச்சுத்திணறல், சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு, வலிப்பு, தூக்கத்தில் மூச்சு முட்டுவது, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது: எது இருந்தாலும் மறைக்கக் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மார்பின் உடம்பிலேயே தேங்கும். வலிப்பு உள்ளவர்களுக்கு ட்ரமடால் ஆபத்து.

2. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். புற்றுநோய் வலிக்கு, வலி வந்த பிறகு மாத்திரை தேடக் கூடாது. சாதாரண மார்பின் மாத்திரையைப் பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். மெதுவாகக் கரைகிற வகை 12 மணி நேரம் நிற்கும். எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. மெதுவாகக் கரைகிற மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது. 12 மணி நேர மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

4. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகச் சாப்பிடக் கூடாது. வலி அடங்கவில்லை என்று நீங்களாகக் கூட்டவும் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் அவர் அளவை மாற்றுவார்.

5. சாராயம், பிராந்தி, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை இவற்றோடு சேரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும். நரம்பு வலி மாத்திரை, சளி, அலர்ஜி மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

6. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், நாளாக நாளாகச் சரியாவதும் இல்லை. கீரையும் வாழைப்பழமும் மட்டும் போதாது. முதல் நாளிலிருந்தே பேதி இளக்க மருந்து கேட்டு வாங்குங்கள். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் குறையும்.

7. ஆரம்ப நாட்களில் வண்டி ஓட்டுவது, கிணற்றடி வேலை, அறுவடை மெஷின் வேலை வேண்டாம். வயதானவர்கள் இரவில் எழுந்து போகும்போது கூட ஒருவர் வேண்டும்.

8. பல நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமின்மை வரும். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

9. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது. கொழுந்தியாளுக்கு ஒத்துக்கொண்ட அளவு உங்களுக்கு உயிர்க்கொல்லியாகலாம். குழந்தைகளுக்கு ஒரு மாத்திரையே போதும், உயிர் போக. தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பட்டையையும் மற்றவர் தொடக் கூடாது. அதை வெட்டக் கூடாது. அதன் மேல் வெந்நீர் ஒத்தடமும் கூடாது.

10. டிரங்குப் பெட்டியில் பூட்டி வையுங்கள். எத்தனை மாத்திரை வந்தது, எத்தனை சாப்பிட்டாயிற்று என்று, குழுக் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மீதியானதை, குறிப்பாக நோயாளி இறந்த பிறகு இருப்பதை, கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

கூப்பிட்டாலும் உலுக்கினாலும் விழிக்கவில்லை. மூச்சு மிக மெதுவாக, நிமிடத்துக்கு 8-க்கும் குறைவாக இருக்கிறது, அல்லது குறட்டை போலக் கரகரக்கிறது. உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கிறது. கண்மணி ஊசி முனை போலச் சுருங்கியிருக்கிறது. இதில் எதைப் பார்த்தாலும் 108-ஐ அழைத்துவிட்டு, ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தோலில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் துணியால் பிடித்து எடுத்துவிடுங்கள். காப்பி, புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். புரையேறிவிடும். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் உயிர் பிழைக்கும்.

கூட்டங்களில் வருகிற கேள்விகள்

*மார்பின் கொடுத்தால் கடைசி நாள் வந்துவிட்டது என்று அர்த்தமா?*
இல்லை. வலி எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பல மாதங்கள், வருடக் கணக்கில்கூடச் சாப்பிட்டு, சமைத்து, பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. சரியான அளவில் கொடுத்த மார்பின் சாவைச் சீக்கிரம் கொண்டுவராது. வலி அடங்கினால் சாப்பாடும் தூக்கமும் வரும்.

*அடிமையாகிவிட மாட்டார்களா?*
உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. பழகிவிட்டால் மெல்லக் குறைத்து நிறுத்தலாம். அடிமையானவர் வலி இல்லாவிட்டாலும் மருந்தைத் தேடுவார், பொய் சொல்லி வாங்குவார், அளவை மீறுவார். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் பார்வையில் சாப்பிடுகிறவர்களுக்கு இது அரிது. வீட்டில் யாருக்காவது முன்பு குடிப்பழக்கம், போதைப் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கூடுதல் கவனத்தோடு கொடுப்பார். அடிமையாகிவிட்டவர்களைத் திட்டி அடித்துப் பயனில்லை. அது நோய், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. 14446 என்ற இலவச உதவி எண்ணில் பேசலாம்.

*நாலு வருசமாக ட்ரமடால் போடுகிறேன், இப்போது என்ன செய்வது?*
நாளையே நிறுத்திவிடாதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், எத்தனை போடுகிறோம் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கே போவது? குழு என்ன செய்யலாம்?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தேவைப்பட்டால் கோரிப்பாளையத்தில் உள்ள நம்ம பெரிய ஆஸ்பத்திரி, அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனை. புறநோயாளிச் சீட்டு எடுக்கும்போதே "நாள்பட்ட வலிக்கும், நோய் ஆதரவு சிகிச்சைக்கும் எங்கே பார்க்கணும்?" என்று கேளுங்கள். 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருவதாகச் சேர்த்தார்கள். அதில் பெண் தன்னார்வலர்களாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களே. கோழிக்கோட்டில் ஊர்த் தொண்டர்கள் செய்ததை நம்ம ஊரிலும் பெண்கள் செய்ய முடியும்.

குழு அளவில் மூன்று காரியம் செய்யலாம். ஒன்று: நம்ம தெருவில் வலியோடு படுத்திருப்பவர் யார் யார் என்று பட்டியல் எடுத்து, சுகாதார செவிலியரிடம் கொடுக்கலாம். இரண்டு: அவசரக் கடன் கேட்டு வருகிற உறுப்பினர், வாராவாரம் ஊசி போடவும் செட்டு மாத்திரை வாங்கவும் கேட்கிறாரா என்று அன்போடு விசாரிக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு முறை நல்ல மருத்துவரைப் பார்த்துவிடலாம். மூன்று: புற்றுநோயாளி இருக்கிற வீட்டுக்கு இரண்டு பேராகப் போய், மாத்திரை நோட்டு எழுதவும், ஆஸ்பத்திரிக்குத் துணை போகவும் உதவலாம்.

வருகிற கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்து, சிவப்புக் கட்டம் போட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், யார் எழுதியது, யார் சாப்பிடுகிறார், எத்தனை மீதி என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.